கோழி குறைகிறது, கேமராவில் ஒன்றும் விழவில்லை: மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் பக்கம் யாருக்காவது அனுபவம் உண்டா?

பின்கட்டு
திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். லிந்தாங் போகிற பக்கம், பழைய ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில் எங்கள் வீடு. ரப்பர்த் தோட்டம் என்பது பெயருக்குத்தான். என் பள்ளிக்கூடக் காலத்திலேயே முக்கால்வாசி செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரில் வாழை, மரவள்ளி, இரண்டு ரம்புத்தான் மரம், அம்மாவின் கோழிக்கூண்டு. சுற்றிலும் கம்பி வலை, மேலே தகரம். ஒரு மாதத்தில் பதினேழு கோழியில் ஐந்து போய்விட்டது. கூண்டுக் கதவு பூட்டியபடியே இருக்கிறது. இறகு இல்லை, இரத்தம் இல்லை. காலையில் எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது, அவ்வளவுதான்.

அம்மா முடிவு செய்துவிட்டார். செம்பனைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) புதிதாக வந்து தங்கியிருக்கும் நேப்பாளத்துப் பையன்கள்தான் என்கிறார். "பூட்டைத் திறந்து மறுபடி பூட்டத் தெரிந்தது மனிதக் கைதான்" என்பது அவர் வாதம். நாம் லயத்தில் இருந்தபோது நம்மைப் பற்றியும் இதையேதானே சொன்னார்கள் என்று கேட்டேன். அன்றிரவு எனக்குச் சோறு பரிமாறவில்லை.

சரி, கண்ணால் பார்த்துவிடுவோம் என்று 230 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து இணையத்தில் ஒரு தானியங்கிக் கேமரா வாங்கிக் கட்டினேன். நான்கு நாளில் 412 படம். அதில் முந்நூற்றுத் தொண்ணூறு வாழையிலை. மிச்சத்தில் ஒன்றை இணைத்திருக்கிறேன்: சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல், அதன் பின்னால் நீளமான வால். இது என்னவென்று யாராவது சொல்ல முடியுமா? இன்னொன்று, மூன்றாம் இரவு ஆறாவது கோழியும் போனது. அந்த இரவின் படங்களில் கோழிகளைத் தவிர ஒரு உயிரும் இல்லை.

வேலிப்பல்லி
திங்கள், இரவு 10.05

முந்நூற்றுத் தொண்ணூறு வாழையிலை என்றால் அடுத்த வருடக் காலண்டருக்குப் படம் தயார் அண்ணே. தீற்றலைப் பார்த்தால் எனக்கு என் மைத்துனர் மோட்டார் சைக்கிளில் போவது போல இருக்கிறது.

காட்டுக்கால்
திங்கள், இரவு 11.20

அண்ணே, ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழுவோடு ராயல் பெலும் காட்டில் நான்கு வருடம் கேமரா சுமந்து திரிந்தவன் நான். முதலில் மூன்று கேள்வி. எந்த உயரத்தில் கட்டினீர்கள்? எந்தத் திசையைப் பார்க்கிறது? அதற்கும் கூண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

பின்கட்டு
செவ்வாய், காலை 6.15

ரம்புத்தான் மரத்தில், என் தலை உயரத்துக்கு. கிழக்கே பார்க்கிறது. நடுவில் வாழைக்கன்று இருக்கிறது. அதுதான் தவறா தம்பி?

காட்டுக்கால்
செவ்வாய், மதியம் 1.10

மூன்றுமே தவறு, கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் முதல் தடவை அப்படித்தான் கட்டுவார்கள்; நானும் கட்டினேன்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது சூட்டைப் பார்க்கிற ஒரு கண். சுற்றியிருக்கும் சூட்டிலிருந்து வேறுபட்ட ஏதோ ஒன்று அதன் எதிரே நகர்ந்தால் படம் எடுக்கும். வெயிலில் காய்ந்த வாழையிலை காற்றில் அசைந்தாலும் அதற்கு அது மாடுதான். வாழைக்கன்றை வெட்ட மனம் இல்லை என்றால் கேமராவை நகர்த்துங்கள். முன்னால் நான்கைந்து மீட்டருக்குப் புல்லைச் சிரைத்து விடுங்கள்.

கிழக்கும் மேற்கும் வேண்டாம், காலை வெயிலும் மாலை வெயிலும் நேராக அதன் கண்ணில் விழும். வடக்கோ தெற்கோ பார்க்க வையுங்கள். உயரம் உங்கள் முழங்கால் அளவு, நாற்பது ஐம்பது சென்டிமீட்டர் போதும். தலை உயரத்தில் கட்டினால் மரநாயின் முதுகு மட்டும்தான் விழும், முகமும் காலும் விழாது. விலங்கு நடக்கும் தடத்துக்கு நேர் எதிரே வைக்காமல் சாய்வாக வையுங்கள். நேராக நம்மை நோக்கி வருவதை அந்தக் கண் தாமதமாகத்தான் உணரும், குறுக்கே போவதைச் சட்டென்று பிடிக்கும். ஒரு அசைவுக்கு மூன்று படம் எடுக்குமாறு அமைத்துவிடுங்கள். ஒன்று தீற்றலானாலும் அடுத்ததில் உருவம் கிடைக்கும்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது, இதை யாரும் செய்வதில்லை. ஒரு குச்சியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, விலங்கு வரும் இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நின்று ஒரு படம் விழச் செய்யுங்கள். பிறகு வரும் எந்த விலங்கையும் அந்தப் படத்தோடு ஒப்பிட்டு உயரம் சொல்லலாம். இரவுப் படத்தில் பூனை புலியாகத் தெரிவதும் புலி பூனையாகத் தெரிவதும் இந்த அளவு இல்லாததால்தான்.

பேட்டரி என்ன போட்டீர்கள்? மறுபடி மின்னேற்றும் பேட்டரி 1.2 வோல்ட்தான். சில மலிவுக் கேமராக்களில் அதைப் போட்டால் இரவு விளக்கு மங்கிவிடும். லித்தியம் நல்லது, ஆனால் விலை கடிக்கும்.

லயத்துமல்லி
செவ்வாய், மாலை 5.50

தம்பி, உன் தீற்றல் மூசாங் தான். மரநாய். வாலைப் பார், உடம்பு நீளத்துக்கு இருக்கிறது, வளையம் இல்லை. வளையம் வளையமாக இருந்தால் அது தரையில் திரிகிற புனுகுப்பூனை. அதற்குக் கழுத்திலும் கறுப்பு வெள்ளைப் பட்டை இருக்கும். இது முகத்தில் கறுப்புத் துணி கட்டிய திருடன் மாதிரி இருக்கும், மரமேறும், ரம்புத்தான் தின்னும். வீட்டுச் சுவர் மேலேயோ கிணற்றுத் திட்டிலேயோ விதை விதையாக எச்சம் கிடக்கிறதா என்று பார். கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் கோழியைத் தின்றது இதுவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கோல கெட்டிலில் எங்கள் அப்பா வீட்டில் மூசாங் கூண்டுக்குள் புகுந்தபோது நான் காலையில் கூட்டினேன். ஒரு கோழியைத் தின்ன நான்கு கோழியைக் கடித்துப் போட்டிருந்தது. இறகு வாசல்வரை பறந்துகிடந்தது. இறகு இல்லாமல் வேலை முடிக்கத் தெரியாது அதற்கு.

கிராணிவீடு
செவ்வாய், இரவு 8.30

இந்த வட்டாரத் தோட்டம் ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டு கிராணியாக (எழுத்தராக) இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் இருந்தபோது நிரைகளுக்கு நடுவே புதர் மண்டிக் கிடக்கும். விடியற்காலை ஐந்து மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போகிறவர்கள் முள்ளம்பன்றியைப் பார்ப்பார்கள், கரடியின் நகக்கீறலை மரத்தில் பார்ப்பார்கள், சில வேளை எங்கோ தூரத்தில் உறுமல் கேட்டுக் கத்தியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவார்கள். ஐம்பதுகளின் இறுதியிலும் அறுபதுகளிலும் துண்டாடல் வந்தது. பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றார்கள். அதைத் தடுத்து நிறுத்தத்தான் அப்போது அமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு ரப்பர் விழுந்து செம்பனை வந்தது. செம்பனைப் பழம் எலிக்கு விருந்து. எலி பெருகினால் எலியைத் தின்பவை பின்னாலேயே வரும். இன்று உங்கள் பின்கட்டில் நடமாடுவதெல்லாம் அந்த வரிசைதான்.

இன்னொரு சங்கதி. எங்கள் தோட்டத்து எல்லையில் முனியாண்டி கோயில் உண்டு. வெள்ளிக்கிழமை வைத்த வாழைப்பழம் சனிக்கிழமை காலையில் இருக்காது. முனி ஏற்றுக்கொண்டார் என்று பூசாரி சொல்வார், நாங்களும் கும்பிடுவோம். தண்டலின் (வேலைக் கண்காணியின்) மகன் ஒருவன் ஒரு ராத்திரி மரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தான். மல்லியம்மா சொன்ன அதே முகத்தில் துணி கட்டிய திருடன். பூசாரி கொஞ்சமும் அசரவில்லை. "முனி எந்த உருவத்தில் வருவார் என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

உங்கள் கோழி விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். இறகு கிடந்தால் கடிக்கிற சாதி. இறகும் இல்லை என்றால் விழுங்குகிற சாதி.

ஒன்பதாம்நிரை
புதன், மதியம் 12.40

செம்பனைத் தோட்டத்தில் வெளிவேலை மேற்பார்வையாளன் நான். கேமரா கட்டினால் எறும்பைப் பற்றி யோசித்துக்கொள்ளுங்கள். பெட்டி கதகதப்பாக இருக்கும், முட்டை வைக்க அதைவிட நல்ல இடம் எறும்புக்குக் கிடையாது. நாங்கள் ஆந்தைக்கூண்டுப் பக்கம் வைத்த கேமராவைத் திறந்தபோது உள்ளே பேட்டரி தெரியவில்லை, எறும்பு முட்டைதான் தெரிந்தது. பட்டை கட்டும் இடத்தில் மரத்தைச் சுற்றிக் கிரீஸ் தடவுங்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள். நம் ஊர் மழைக்கு லென்ஸ் உள்பக்கமாகவே வியர்த்துவிடும்.

கூகை ஆந்தைக்குக் கூண்டு அடித்துவைக்கும் பழக்கம் எலிக்காகத்தான். அது இறக்கையை மடக்கி எலியோடு உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது, பிறகு ஏற்றுகிறேன்.

பின்கட்டு
அடுத்த திங்கள், இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை கேமராவை இறக்கிக் கட்டினேன், புல் சிரைத்தேன், கிரீஸ் தடவினேன். குச்சி பிடித்துக்கொண்டு நின்றதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, நிலம் அளக்க ஆள் வந்திருக்கிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

இரண்டே இரவில் வந்தது இவ்வளவு. மரநாய், இந்த முறை முகத்தோடு. ஒரு முள்ளம்பன்றி, பின்பக்கம் வெள்ளை முள்ளைச் சிலிர்த்தபடி எங்கள் மரவள்ளியின் அடியில். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு முள் கிடந்தது, கறுப்பும் வெள்ளையுமாக. அம்மா அதைக் கழுவிக் கொண்டைக்கு வைத்துக்கொண்டார். அடுத்தது ஒரு பூனை. வீட்டுப் பூனை என்றுதான் நினைத்தேன், காலைப் பாருங்கள், நீளமாக இருக்கிறது. உடம்பெல்லாம் புள்ளி.

கடைசிப் படத்தால் வீட்டில் கலவரம். வரி வரியாக ஒரு குட்டி, பாதி உடம்பு மட்டும் விழுந்திருக்கிறது. நேரம் மதியம் 2.40 என்று காட்டுகிறது. என் தாய்மாமா அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் "லிந்தாங் பக்கம் புலிக்குட்டி" என்று போட்டுவிட்டார். இதற்குள் அது கோல கங்சார் வரைக்கும் போயிருக்கும்.

வேலிப்பல்லி
திங்கள், இரவு 9.22

எனக்கு ஏற்கெனவே இரண்டு குழுவில் வந்துவிட்டது அண்ணே. ஒன்றில் "தாய்ப்புலி தேடுகிறது, பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்" என்று சேர்த்திருக்கிறார்கள்.

காட்டுக்கால்
திங்கள், இரவு 10.30

அது காட்டுப்பன்றிக் குட்டி. பிறந்து சில மாதம்வரை பன்றிக்குட்டிக்கு உடம்பு நீளவாக்கில் வெளிர் வரி இருக்கும், வளர வளர மறைந்துவிடும். புலியின் வரி முதுகிலிருந்து கீழே இறங்கும், குறுக்குவாக்கில். உங்கள் படத்தில் வரி மூக்கிலிருந்து வாலை நோக்கிப் போகிறது, கால் குச்சியைப் போலக் குளம்போடு இருக்கிறது. குச்சிப் படத்தோடு ஒப்பிட்டால் உயரம் இருபது சென்டிமீட்டரைத் தாண்டாது. தெனுக் (டாப்பிர்) குட்டிக்கும் இப்படி வரியும் புள்ளியும் உண்டு, ஆனால் அதன் மூக்கு தொங்கும்.

தீபகற்பத்துக் காடுகளில் இன்று மிஞ்சியிருக்கும் புலிகள் 150க்கும் குறைவு. எங்கள் குழுவில் ஒரு புலிப்படம் விழுந்தால் வரியை எண்ணி, ஒவ்வொரு புலியின் பழைய படத்தோடும் வைத்துப் பார்ப்போம். நம் கைரேகையைப் போல ஒன்றின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. மாமாவிடம் செய்தியை அழிக்கச் சொல்லுங்கள். உண்மையிலேயே புலியோ எறும்புத்தின்னி அழுங்கோ விழுந்தால் இடத்தைச் சொல்லாமல் வனவுயிர்த் துறையான பெர்ஹிலித்தானுக்கு மட்டும் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போடும் இடம் முதலில் போய்ச் சேருவது சுருக்குக் கம்பிக்காரனிடம்தான்.

கேமராவின் கடிகாரத்தில் காலை மாலை மாறியிருக்கிறது. மதியம் 2.40க்கு வெளியே இருட்டாக இருக்காது. பேட்டரி மாற்றும்போதெல்லாம் நேரத்தைச் சரிபாருங்கள்.

புள்ளிப் பூனை சிறுத்தைப்பூனை. காதின் பின்புறம் கறுப்பு, அதில் ஒரு வெள்ளைப் பொட்டு, பார்த்தீர்களா? வீட்டுப் பூனைக்கு அது இல்லை. சட்டத்தில் முழுப் பாதுகாப்பு உள்ள விலங்கு, எலிதான் அதன் உணவு. உங்கள் பின்கட்டுக்கு வந்தது உங்கள் அதிர்ஷ்டம்.

வேலிப்பல்லி
செவ்வாய், காலை 7.50

பன்றி வந்தால் மரவள்ளி மிஞ்சாது. எனக்குத் தெரிந்த ஒருவர் மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பியில் சுருக்குப் போட்டு ஒரே வாரத்தில் முடித்துவிட்டார்.

ஒன்பதாம்நிரை
செவ்வாய், காலை 8.30

அதை இங்கே எழுதாதீர்கள். 2010ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் சுருக்குக் கம்பி குற்றம், அபராதமும் சிறையும் உண்டு. சட்டத்தை விடுங்கள். அந்தக் கம்பிக்குப் பன்றியின் கால் எது, கரடியின் கால் எது என்று தெரியாது. எங்கள் எல்லையில் ஒரு முறை மாட்டியது பக்கத்துக் கம்பத்துக்காரரின் (கிராமத்துக்காரரின்) பசுங்கன்று. கத்திய கத்தல் இன்னும் காதில் நிற்கிறது.

குரங்கைச் சுடச் சொல்கிறவர்களுக்கும் ஒன்று. நம் பேராக்கிலேயே செகாரிப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பெரோக் குரங்குகளைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்தார்கள். ஒரு கூட்டம் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 3,000 எலியைத் தின்கிறது என்று 2019ல் எழுதினார்கள். அது தின்னும் பழம் கொஞ்சம்தான். நான் அதைப் படிக்கும்வரை கவண் வைத்திருந்தேன்.

லயத்துமல்லி
செவ்வாய், மாலை 6.10

எனக்கு ஒரு கேள்வி. இரவுப் படமெல்லாம் கறுப்பு வெள்ளை. கறுப்பு விலங்கு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

காட்டுக்கால்
செவ்வாய், இரவு 11.00

அக்கா, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். தீபகற்ப மலேசியாவில் சிறுத்தைகள் கிட்டத்தட்ட எல்லாமே கருஞ்சிறுத்தைகள். பகல் படத்தில் வெறும் கரித்துண்டு, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கவே முடியாது. திரெங்கானுவில் ஆய்வு செய்தவர்கள் கேமராவின் வெளிச்சம் பார்க்கும் துளையை மறைத்துவிட்டார்கள். அது பகலிலும் இரவு என்று நினைத்து அகச்சிவப்பு விளக்கைப் போட்டது. கறுப்புத் தோலுக்குள் ஒளிந்திருந்த புள்ளியெல்லாம் படத்தில் வெளியே வந்துவிட்டது. 2015ல் அந்த ஆய்வு வெளியானது. கறுப்பு வெள்ளையை இளப்பமாக நினைக்காதீர்கள்.

பின்கட்டு
புதன், காலை 6.05

ஒரு சந்தேகம் தம்பி. இவ்வளவும் வந்தது, எதுவும் கூண்டைத் தொடவில்லை. மரநாய் கூண்டைச் சுற்றி முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. சிறுத்தைப்பூனை அந்தப் பக்கமே திரும்பவில்லை. அம்மா "நான்தான் சொன்னேனே" என்கிறார்.

காட்டுக்கால்
புதன், மதியம் 1.30

ஆறாவது கோழி போன இரவின் படங்களை அழித்துவிட்டீர்களா? இருந்தால் மறுபடி பாருங்கள். இந்த முறை திருடனைத் தேடாதீர்கள், கோழிகளைப் பாருங்கள்.

பின்கட்டு
புதன், இரவு 10.50

பார்த்தேன். கை கொஞ்சம் நடுங்குகிறது.

இரவு 1.50க்கும் 2.05க்கும் இடையில் பதினான்கு படம். வாழையிலைக்குப் பின்னால் கூண்டு தெரிகிறது. மற்ற நேரமெல்லாம் கோழிகள் கம்பில் வரிசையாக உட்கார்ந்து தூங்குகின்றன. இந்தப் பதினான்கில் எல்லாமே இடது மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. எல்லாத் தலையும் வலதுபக்க மேல் மூலையைப் பார்க்கிறது. அந்த மூலையில் ஒன்றும் தெரியவில்லை, கேமராவுக்கு அது வெளிச்சம் எட்டாத இடம். 2.05க்குப் பிறகு படமே இல்லை.

காட்டுக்கால்
புதன், இரவு 11.15

கிராணி ஐயா முதல் வாரமே சொல்லிவிட்டார், நாம்தான் புலியின் பின்னால் ஓடிவிட்டோம்.

கேமரா சூட்டு வித்தியாசத்தைத்தான் பார்க்கும் என்றேன் அல்லவா? பாம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. இரவில் அதன் உடம்பு தகரத்தின் சூட்டில்தான் இருக்கும், நகர்வதும் மெதுவாக. கேமராவுக்கு அது பெரும்பாலும் கூண்டின் ஒரு பாகம். உடும்பும் இப்படித்தான் ஏமாற்றும். அந்தப் பதினான்கு படமும் கோழிகளின் பதற்றத்தால் விழுந்தவை. விழுங்கியதைக் கேமரா பார்க்கவே இல்லை.

இதில் வேடிக்கை, மலைப்பாம்பின் உதட்டோரக் குழிகளும் சூட்டைத்தான் உணர்கின்றன. கும்மிருட்டிலும் கோழி அதற்கு அடுப்பு மாதிரித் தெரியும்.

அசைவுக்குக் காத்திருக்கும் முறையை நிறுத்துங்கள். அமைப்பில் நேர இடைவெளி என்று ஒன்று இருக்கும். இரவு எட்டிலிருந்து காலை ஆறுவரை நிமிடத்துக்கு ஒரு படம் என்று வையுங்கள். ஒரு இரவுக்கு 600 படம், பேட்டரி இரண்டு மூன்று நாளில் படுத்துவிடும், பரவாயில்லை. விழுங்க நேரமாகும், நிமிடத்துக்கு ஒன்று தாராளம். கேமராவை அந்த மூலைக்கு நேராகக் கொண்டுவாருங்கள்.

பின்கட்டு
ஞாயிறு, காலை 8.00

மூன்றாம் இரவில் விழுந்தது. ஏழாவது கோழிக்கு என் வருத்தங்கள்.

2.17: கோழிகள் மட்டும்.
2.18: தகரத்துக்கும் கம்பி வலைக்கும் நடுவே தண்ணீர்க்குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே குழாய் கிடையாது.
2.21: குழாய் கீழே தொங்குகிறது.
2.26: தரையில் சுருள். சுருளுக்குள்ளிருந்து ஒரு கோழிக்கால் வெளியே.
2.51: கால் இல்லை. குழாயின் நடுவில் ஒரு வீக்கம்.
3.34: தகரத்தின் ஓரத்தில் வால் நுனி.

படத்தைப் பெரிதாக்கினால் வலை பின்னியது போலக் கோலம் தெரிகிறது. குச்சிக் கணக்கில் மூன்று மீட்டர் இருக்கும். காலையில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். தகரம் மேடு பள்ளமாக இருப்பதால் ஒரு மடிப்பில் நான்கு விரல் இடைவெளி. ஐந்து வருடமாக அது என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. அரை அங்குல வலை வாங்கி வரும் சனிக்கிழமை அடிக்கப் போகிறேன்.

கிராணிவீடு
ஞாயிறு, காலை 9.10

சனிக்கிழமைவரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே ஒரு சாக்கையாவது திணித்து வையுங்கள்.

பின்கட்டு
அடுத்த ஞாயிறு, மாலை 4.30

ஐயா சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். ஈப்போவில் ஒரு வாரம் இரவு வேலை, சாக்கு திணிக்கிற வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டேன்.

வெள்ளி இரவு அது மறுபடி வந்து இந்த முறை இரண்டு கோழியை விழுங்கியிருக்கிறது. வயிறு வீங்கியதால் வந்த வழியாகத் திரும்ப முடியவில்லை. காலை ஆறரைக்கு அம்மா தீவனத்தோடு போய்க் கதவைத் திறந்தால், கம்புக்குக் கீழே லாரி டயர் மாதிரிச் சுருண்டு கிடந்திருக்கிறது. நான் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். அம்மா போட்ட சத்தத்துக்கு முதலில் ஓடிவந்தது லயத்துப் பையன்கள் மூன்று பேர். வெட்டுக்கத்தி கொண்டுவந்தார்கள், ஆனால் வெட்டவில்லை. கதவைச் சாத்தி, பலகையை முட்டுக்கொடுத்து, அதில் ஒருவன் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டானாம். தீயணைப்புப் படைக்குப் போன் செய்ததும் அவர்கள்தான். பொம்பா ஆட்கள் வந்து கழுத்தைக் கோலால் அழுத்தி, சாக்கில் போட்டுத் தூக்கிப் போனார்கள். மலைப்பாம்பும் பாதுகாக்கப்பட்ட விலங்குதான், பெர்ஹிலித்தானிடம் ஒப்படைத்துவிடுவோம் என்றார்கள்.

நேற்று வலை அடித்து முடித்தேன். மிச்சம் எட்டுக் கோழி.

லயத்துமல்லி
ஞாயிறு, மாலை 6.00

அம்மா இப்போது என்ன சொல்கிறார் தம்பி?

பின்கட்டு
ஞாயிறு, இரவு 8.45

அதைப் பற்றி எழுதக் கூடாது என்று உத்தரவு அக்கா. நேற்றைய முட்டை ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

கேமராவைக் கழற்றிவிடலாம் என்று போனேன். அதற்கும் தடை. சிறுத்தைப்பூனை நேற்று வந்ததா இல்லையா என்று காலையில் பார்த்தாக வேண்டுமாம். சாமி விளக்கு ஏற்றிய கையோடு கேமரா அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிடுகிறார்.

கிராணிவீடு
ஞாயிறு, இரவு 9.30

உங்கள் அம்மா விட்டுக்கொடுத்தால் ஒரு வெள்ளிக்கிழமைக்கு மட்டும் அந்தக் கேமராவை எனக்கு இரவல் தாருங்கள். முனியாண்டி கோயில் பூசாரியின் மகன்தான் இப்போது பூசாரி. அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பேட்டரி எட்டும் நானே வாங்கி வைத்திருக்கிறேன்.